கந்தம்மாளின் திருநீறு

மடியில் இருந்த டின் சூடாக இருந்தது.

வெயில் பட்டிருக்கும் என்று சேனாதிபதி முதலில் நினைத்தான். ஆனால் மானாமதுரையைத் தாண்டியதிலிருந்து வெயில் எதிர்ப்பக்கத்து ஜன்னல்கள் வழியாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. இவன் உட்கார்ந்திருந்த பக்கம் முழுக்க நிழல். மாசி மாதத்துக் காற்று எஞ்சின் புகையையும் கரித்தூளையும் அள்ளிக்கொண்டு ஜன்னல் கம்பிகளுக்கிடையே புகுந்து, பலகைகளுக்கு அடியில் கிடந்த ஆரஞ்சுத் தோலை உருட்டிப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கமாக வெளியேறிப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் காற்றிலும் தகரம் ஆறவில்லை. வெயிலில் காய்ந்த இரும்பின் சூடு அல்ல அது. காய்ச்சல்காரர் நெற்றியில் கை வைத்தால் தெரியுமே, அந்தச் சூடு. டின்னை எடுத்துப் பக்கத்தில் பலகைமேல் வைத்தான். யாராவது அதன்மேல் சாய்ந்துவிடப் போகிறார்களே என்ற பயத்தில் மறுபடியும் மடிக்கே எடுத்துக்கொண்டான்.

மஞ்சள் வண்ணம் அடித்து, மயில் படம் போட்டு, ‘சேனாதிபதி விபூதிக் கடை, அடிவாரம், பழனி’ என்று எழுதிய டின். கடையில் அந்த மாதிரி டின்கள் அடுக்கடுக்காக இருந்தன. இந்த ஒன்றில் மட்டும் இருந்தது விபூதி இல்லை. அவன் மனைவி கந்தம்மாள் இருந்தாள்.

மனைவியின் அஸ்தியை ராமேஸ்வரத்துக் கடலில் கரைக்கப் போகிறவன், மண் கலயத்தில் போட்டு, வாயை வெள்ளைத் துணியால் கட்டித்தான் கொண்டுபோக வேண்டும். ஆனால் பக்கத்துக் கடை ஞானவேல் தன் அப்பாவை அப்படிக் கொண்டுபோய் ரயிலில் பட்ட பாட்டைக் கதை கதையாகச் சொல்லியிருந்தான். கலயத்தைக் கண்டதும் பெட்டியே முகம் சுளித்ததாம். தீட்டு தீட்டு என்று ஒதுக்கி, கடைசியில் கக்கூஸ் கதவோரம் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தானாம். சேனாதிபதி மானஸ்தன், அதாவது, நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று நினைத்தே பாதி ஆயுளை ஓட்டியவன். அதனால் கடை டின்னை எடுத்தான். எடுத்தவன் அதோடு விட்டிருக்கலாம். தொழில் பழகிய கை சும்மா இருக்கவில்லை. எலும்புகளைப் பொறுக்கி மஞ்சள் துணியில் முடிந்து டின்னின் அடியில் வைத்துவிட்டு, சாம்பலை, தினமும் விபூதி சலிக்கிற அதே மல் துணியில் போட்டுச் சலித்தான். வாசம் காட்டிக் கொடுத்துவிடக் கூடாதே என்று ஜவ்வாதும் சேர்த்தான். மூடியை அழுத்தும்போதுதான் தான் செய்துவைத்த காரியம் அவனுக்கு உறைத்தது. கடைச் சரக்கில் முதல் தரம் போல, வழுவழுவென்று இருந்தாள் அவள்.

ஆடலூர் மலையில் காப்பித் தோட்டத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்தவளுக்குக் கடல் பார்க்க வேண்டும் என்பதுதான் ஒரே ஆசை. பாம்பன் பாலத்தின்மேல் ரயில் போகும்போது இரண்டு பக்கமும் தண்ணீர்தான் தெரியும் என்று யாரோ சொன்னதைக் கல்யாணமான புதிதிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். தைப்பூசம் முடியட்டும், பங்குனி உத்திரம் முடியட்டும் என்று அவனும் சொல்லிக்கொண்டே இருந்தான். பழனி அடிவாரத்தில் கடை போட்டவனுக்கு ஏதாவது ஒரு விசேஷம் முடியாமல்தான் இருக்கும். இப்போதாவது அவளைக் கொண்டுபோய் அந்தத் தண்ணீரில் முழுசாகச் சேர்த்துவிட்டால், நெஞ்சில் உட்கார்ந்திருப்பது கொஞ்சம் எழுந்து போகும் என்று நம்பினான். அந்த ஒரு நம்பிக்கையில்தான் இந்த வண்டியில் ஏறியிருந்தான்.

ஆனால் மதுரையில் வண்டி மாறும்போதே சிக்கல் வந்து சேர்ந்துவிட்டது. கொடைக்கானல் கடைத்தெருவில் பேரிக்காய் மொத்த வியாபாரம் செய்கிற அலாவுதீன் பாய், ஏர்வாடி தர்காவுக்குப் போகிறவர், இவனைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாக அதே பெட்டியில் ஏறி எதிரில் உட்கார்ந்துவிட்டார். பழனிக்குச் சரக்கோடு இறங்கும்போதெல்லாம் கந்தம்மாள் கையால் மோர் வாங்கிக் குடித்தவர். மலைமேல் இருப்பவருக்குச் சேதி எட்டியிருக்கவில்லை. இவன் மொட்டைத் தலையைப் பார்த்து, பூசத்துக்கு முடி இறக்கினாயா என்று விசாரித்தார். பழனிக்காரன் மொட்டையில் துக்கத்தை யார் கண்டுபிடிப்பார்கள்? ஆமாம் என்று தலையாட்டினான். அடுத்த கேள்வி அவளைப் பற்றி.

“தங்கச்சி எப்படி இருக்கு சேனாதி? கூட்டிட்டு வரலியா?”

பெட்டி நிறைய ஆட்கள். மடியில் டின்.

“நல்லா இருக்கா பாய். கடையைப் பாத்துக்க ஆள் வேணும்ல.”

டின்னைச் சுற்றியிருந்த இரண்டு கைகளையும் எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. பாய் பேரிக்காய் விலையைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தார். இவன் ம் கொட்டிக்கொண்டே வந்தான்.

பாய்க்குப் பக்கத்தில் ஒட்டன்சத்திரத்துக்காரி ஒருத்தி, பாப்பம்மாள் என்று பெயர், மடியில் பெண் குழந்தையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புருஷன் பாம்பனில் ரயில் பாதை வேலை பார்க்கிறானாம்; அவனிடம்தான் போகிறாள். குழந்தை கண்ணைத் திறக்காமல் அனத்திக்கொண்டே வந்தது. பரமக்குடி தாண்டியதும் அனத்தல் கூடியது. அவள் முந்தானையை நனைத்து நெற்றியில் போட்டுப் போட்டு எடுத்தாள். துணி உடனுக்குடன் காய்ந்தது. பார்த்துக்கொண்டே வந்த அலாவுதீன் பாய்க்குத் திடீரென்று முகம் மலர்ந்தது. எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்று நினைத்தாய், பழனி அடிவாரத்து விபூதிக் கடைக்காரர், நல்ல கைராசி என்று அவளிடம் எடுத்துச் சொன்னார். நல்ல மனுஷர். நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

பாப்பம்மாள் டின்னைப் பார்த்தாள். மயிலைப் பார்த்தாள். கை கூப்பிவிட்டாள்.

“சாமி, முந்தாநாள்லேருந்து அனலாக் கெடக்கு புள்ளை. முருகனே உங்களை அனுப்புன மாதிரி இருக்கு. நெத்தியில பூசி, வாயில ஒரு சிட்டிகை போட்டு விடுங்க.”

கோயிலுக்குக் கொண்டுபோகிற சரக்கு என்று சொல்லிப் பார்த்தான். மூடி இறுகிக் கிடக்கிறது என்றான். பிள்ளைக்கு இல்லாத விபூதியா என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. எல்லா முகங்களும் அவன் பக்கம் திரும்பின. இது என் பெண்டாட்டியின் சாம்பல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அவள் பழனியில் கடையைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருப்பதாக அல்லவா கொஞ்ச நேரத்துக்கு முன் சொல்லியிருக்கிறான்? பாய் வேறு சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். சேனாதிபதி மூடியைத் திறந்தான். ஜவ்வாது வாசம் கம்மென்று எழுந்தது. ஆகா என்றார் யாரோ. கந்தம்மாளை ஒரு சிட்டிகை எடுத்துக் குழந்தையின் நெற்றியில் இழுத்தான். டின்னுக்குள் இருந்த சூடும் அந்த நெற்றியின் சூடும் ஒன்றாகவே இருந்தன. இன்னொரு சிட்டிகையை உதட்டைப் பிரித்து நாக்கில் வைத்தான். குழந்தை சப்புக்கொட்டி விழுங்கியது. மன்னிச்சிரு தாயி, மன்னிச்சிரு என்று மனசுக்குள் சொன்னான். யாரிடம் சொல்கிறான் என்று அவனுக்கே தெரியவில்லை.

ராமநாதபுரத்தில் அலாவுதீன் பாய் இறங்கினார். தங்கச்சியிடம் சலாம் சொன்னதாகச் சொல்லச் சொல்லி, ஜன்னலில் கை வைத்து இரண்டு எட்டுக் கூடவே நடந்தார். பிறகு பிளாட்பாரமும் அவரும் பின்னால் போய்விட்டார்கள்.

அங்கிருந்து நிலம் மாறத் தொடங்கியது. வயல்கள் நின்று உடைமரங்கள் வந்தன. உடைமரங்கள் குட்டையாகிக் குட்டையாகி மணல் மேடுகள் வந்தன. பனைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, வெறும் நீல வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. காற்றில் உப்பு ஏறியது. உதட்டை நக்கினால் கரித்தது. எஞ்சின் நீளமாக ஒருமுறை ஊதியது. அந்தச் சத்தம் மலைநாட்டில் போல எதிலும் மோதித் திரும்பாமல், போனது போனதுதான் என்று எங்கேயோ போய்விட்டது. கந்தம்மாள் இருந்திருந்தால் ஜன்னலை விட்டு நகர்ந்திருக்க மாட்டாள் என்று நினைத்தான்.

“காய்ச்சல் விட்டிருச்சு சாமி,” என்றாள் பாப்பம்மாள். கண்ணில் நீர் நிற்க, குழந்தையை அவன் பக்கம் நீட்டினாள். “தொட்டுப் பாருங்க. சில்லுன்னு இருக்கு.”

தொட்டான்.

அந்தச் சில்லிப்பு அவனுக்குத் தெரியும்.

பூசத்துக்குச் சில நாள் முன்னாலேயே கந்தம்மாளுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. கடைக்குப் பின்னால், சரக்கு அறைத் திரைக்கு அந்தப் பக்கம் பாயில் கிடந்தாள். திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டாள். தேர் முடியட்டும் என்றான். வாசலில் காவடிக் கூட்டம் அலைமோதியது. வருஷம் முழுக்க உட்கார்ந்து சாப்பிடுகிற வியாபாரம் அது. இடையிடையே உள்ளே ஓடி, நெற்றியில் விபூதியைப் பூசி, வாயில் ஒரு சிட்டிகை போட்டுவிட்டு ஓடி வந்தான். தேர் இழுத்த அன்று மத்தியானம் அப்படி ஓடியபோது நெற்றி சில்லென்று இருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று நினைத்துத் திரும்பி வந்துவிட்டேன் என்றுதான் பிறகு எல்லாரிடமும் சொன்னான். அவள் அண்ணன் வேலப்பனின் காலைக் கட்டிக்கொண்டு அதையே சொல்லி அழுதான். அது பொய். கை வைத்த கணத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் திரையை இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்து, கூட்டம் வடிகிறவரை விபூதிப் பொட்டலம் கட்டினான்.

இப்போது விரலுக்கடியில் அதே சில்லிப்பு. நெற்றி மட்டும் இல்லை. கன்னம், கழுத்து, மூடியிருந்த சின்ன விரல்கள்.

“புள்ளை மூச்சு விடுதா, பாத்தியா தாயி?” என்றான்.

பாப்பம்மாள் சிரித்தாள். என்ன சாமி இப்படிக் கேக்கிறீங்க என்பது போலக் குழந்தையின் முகத்தைத் திருப்பிக் காட்டினாள். குழந்தை கண்ணைத் திறந்திருந்தது. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. இமைக்கவில்லை. அவன் விரலைப் பிடித்து இழுத்து, நுனியில் ஒட்டியிருந்த சாம்பலை நக்கியது. நாக்கு காய்ந்து, குளிர்ந்து இருந்தது.

அதற்குள் செய்தி பெட்டி முழுக்கப் பரவிவிட்டது. அனலாகக் கிடந்த பிள்ளை பழனி விபூதியில் எழுந்து உட்கார்ந்துவிட்டது என்றால் யார்தான் சும்மா இருப்பார்கள்? முட்டிவலிக்காரர் வந்தார். கல்யாணமான புது ஜோடி வெட்கத்தோடு வந்து கையை நீட்டியது. சங்கு வியாபாரி வந்தார். மாட்டேன் என்று சொல்லச் சேனாதிபதிக்கு வாய் வரவில்லை. அவர்கள் நீட்டிய கைகள் தைப்பூசத்தில் கடை வாசலில் நீண்ட கைகளைப் போலவே இருந்தன. அவன் கையும் பழக்கத்தில் தானாக அள்ளிக் கொடுத்தது. ஒவ்வொருவரும் நெற்றியில் பூசி, மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டு, தம் இடத்துக்குத் திரும்பிப் போனார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அதைக் கவனித்தான். பின்பக்கம் நடந்துகொண்டிருந்த சீட்டாட்டம் நின்றிருந்தது. ஒரு கிழவர் உரலில் வெற்றிலை இடித்துக்கொண்டு வந்த சத்தமும் நின்றிருந்தது. புதுப்பெண்ணின் வளையல் சத்தம், சங்கு வியாபாரியின் இருமல், மேல் பலகையிலிருந்து வந்த குறட்டை, ஒன்றொன்றாக எல்லாம் அடங்கி, சக்கரம் தண்டவாளத்தில் தட்டுகிற சத்தமும் ஜன்னல் கம்பியில் காற்று கீச்சிடுகிற சத்தமும் மட்டும் மிஞ்சியிருந்தன. யாரும் தூங்கவில்லை. எல்லார் முகமும் நேராக முன்னால் பார்த்தபடி இருந்தது. மத்தியான வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது, அதில் ஒளிவதற்கு ஒன்றுமில்லை.

டின்னைத் தொட்டான். ஆறிப் போயிருந்தது.

மண்டபத்தில் வண்டி நின்றது. கருவாட்டு வாசம் உள்ளே வந்தது. கடலை விற்கிறவன் ஒருவன் கூவிக்கொண்டே ஜன்னலருகே வந்து, உள்ளே பார்த்து, பாதிக் கூவலில் வாயை மூடி, கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்வாங்கியபடியே நடந்துபோனான். இறங்கிவிட வேண்டும் என்று சேனாதிபதி எழுந்தான். அவளை இந்தக் கரையிலேயே கடலில் போடலாம். கடல் எங்கேயும் கடல்தானே. ஆனால் நடைபாதையில் ஆட்கள் நின்றார்கள். மறுபடியும் கை நீட்டிக்கொண்டு நின்றார்கள். விலகச் சொன்னான். விலகவில்லை. கொடுத்தால் விடுவார்கள் என்று அள்ளினான். நகம் டின்னின் அடியில் துணி முடிச்சைத் தொட்டது. முடிச்சுக்குள் எலும்புகள் மெல்ல உரசின.

வண்டி கிளம்பிவிட்டது.

பாலம் வந்தது. முதலில் சத்தம் மாறியது. காலடியில் இருந்த மண் இல்லாமல் போய், ஒரு வெற்று முழக்கம். வண்டி ஊர்ந்தது. இடப்பக்கம் தண்ணீர் பச்சையாகக் கிடந்தது. வலப்பக்கம் நீலமாகக் கிடந்தது. எட்டிப் பார்த்தால் பாலத்தின் விளிம்புகூடத் தெரியாமல், தண்ணீர்மேலேயே உருண்டு போவதுபோல் இருந்தது. முன்பெட்டிகளில் ஜனங்கள் ஆரவாரத்தோடு கடலில் காசு வீசினார்கள். இந்தப் பெட்டியில் யாரும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

“கந்தம்மா,” என்றான். அவள் செத்த பிறகு முதல் தடவையாக அந்தப் பெயரைச் சொன்னான். “கடல் வந்திருச்சு. பாரு.”

டின்னை ஜன்னலுக்குத் தூக்கினான். கம்பிகளுக்கு இடையே டின் நுழையவில்லை. கையை விட்டு வாரினான். விரலுக்கு ஒன்றும் வரவில்லை. துழாவினான். தகரம். வெறும் தகரம். முடிச்சு மட்டும். எல்லாவற்றையும் கொடுத்திருந்தான். இவ்வளவு தூரம் கொண்டுவந்து, கடலுக்கு ஒரு சிட்டிகை மிச்சம் வைக்காமல், கண்டவர் வாயிலெல்லாம் போட்டிருந்தான். அழுகை பீறிட்டு வந்தது. முடிச்சையாவது எறிந்துவிடலாம் என்று எடுத்தான்.

மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. சில்லென்று.

“எல்லாத்துக்கும் குடுத்தீங்க,” என்றாள் பாப்பம்மாள். “நீங்க பூசிக்கலியே.”

பாப்பம்மாளின் வாய்தான் அசைந்தது. பேச்சில் இருந்த இழுப்பு ஒட்டன்சத்திரத்து இழுப்பு இல்லை. அது ஆடலூர் மலைக்காரியின் இழுப்பு.

“தீந்துபோச்சு தாயி.”

“தீரலீங்க.”

வண்டி நின்றது. பாலத்தின் நடுவில். எஞ்சின் மூச்சு விடுகிற சத்தம் தூரத்தில் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. அவன் உடம்பு அனலாகக் கொதிக்கத் தொடங்கியது. கண்ணுக்குள் கொதித்தது. பல் கிட்டியது. பலகையில் சாய்ந்தான். ஒரு வாய்த் தண்ணீர் கேட்க நினைத்தான். சுற்றிலும் தண்ணீர்தான்.

குழந்தை மடியிலிருந்து இறங்கி அவன் முன்னால் வந்து நின்றது. நெற்றியில் இருந்த சாம்பலை விரலால் வழித்தது. வழித்த இடத்தில் தோல் தெரியவில்லை. சாம்பல்தான் தெரிந்தது. மறுபடியும் வழித்தது. மறுபடியும் சாம்பல். சுவரில் சுண்ணாம்பைச் சுரண்டுவதுபோல, அவசரமில்லாமல் சுரண்டியது. அதற்குப் பின்னால் பாப்பம்மாள் சுரண்டினாள். அவளுக்குப் பின்னால் கிழவர். புதுப்பெண். மாப்பிள்ளை. சங்கு வியாபாரி. பெட்டியின் கடைசிவரை வரிசை. யாரும் முண்டவில்லை. எல்லார் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை. ஜவ்வாது வாசம்.

குழந்தை எக்கி, கையை அவன் உதட்டருகே நீட்டியது. அதன் நெற்றியில் அந்தச் சின்ன விரல் தோண்டிய குழி இருந்தது. ரத்தம் இல்லை. குழியின் வழியே, பின்னால் இருந்த ஜன்னல் கம்பி தெரிந்தது. கம்பிக்கு அப்பால் நீலமாகக் கடல் தெரிந்தது.

சேனாதிபதி வாயைத் திறந்தான்.